மேனேஜ்மென்ட் போர்ட் பேசவில்லையா? வண்டி எடுப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை

கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு கஞ்சிக்கோட்டு மில்களிலும், மூணாறு, பீர்மேடு எஸ்டேட் ஆபீஸ்களிலும் இருக்கிற சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கஞ்சிக்கோடு என்றால் பைக்கில் போய்விடலாம். மூணாறு அப்படியில்லை. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று சுற்றி ஏறவேண்டும். ராத்திரி என்றால் காட்டுப்பாதையில் யானை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டவேண்டும். பீர்மேட்டுக்குத் தேனி, கம்பம், குமுளி வழி. அவ்வளவு தூரம் போய் ஒரு கேபிளைச் சொருகிவிட்டுத் திரும்புவது வீண்.

தலைப்பில் சொன்ன மேனேஜ்மென்ட் போர்ட்டுக்குப் பின்னால் இருப்பதை டெல் சர்வரில் ஐடிராக், ஹெச்.பி.யில் ஐலோ, சூப்பர்மைக்ரோவில் ஐ.பி.எம்.ஐ என்பார்கள். பெயர் எதுவானாலும் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் தனிச் சின்னக் கம்ப்யூட்டர்தான் அது. சர்வர் அணைந்தோ தொங்கியோ இருந்தாலும் தூரத்திலிருந்து அதன் திரையைப் பார்க்கவும், ஆன், ஆஃப் செய்யவும் இதுதான் வழி. இங்கே பொதுவாக பி.எம்.சி என்றே சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கவும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பி.எம்.சி.யை ரீசெட் செய்தால் சர்வர் ரீபூட் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸ் அது பாட்டுக்கு ஓடும். இது தெரியாமல் பயந்துகொண்டு வாரக்கணக்கில் செத்த பி.எம்.சி.யோடு ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். அப்புறம் சர்வரே விழும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

முதல் கேள்வி: எது செத்திருக்கிறது?

சர்வரின் சொந்த ஐ.பி.க்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை), பி.எம்.சி ஐ.பி.க்கு ஒரு பிங். இரண்டும் இல்லை என்றால் சர்வரைச் சந்தேகிக்காதீர்கள். அந்த ஊரில் கரண்ட், யு.பி.எஸ், இன்டர்நெட், ஸ்விட்ச் என்று அந்த வரிசையில் போன் போட்டு விசாரியுங்கள். சர்வர் உண்டு, பி.எம்.சி இல்லை என்றால் அவசரமில்லை, சர்வருக்குள்ளிருந்தே பெரும்பாலும் சரிசெய்யலாம். பி.எம்.சி உண்டு, சர்வர் இல்லை என்றால் நேராக 'பவர் கட்டளை' பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: சர்வர் ஓடுகிறது, பி.எம்.சி.க்கு பிங் போகவில்லை

*ஐ.பி மாறியிருக்கிறதா?*

செலவே இல்லாத சோதனை இதுதான். சர்வருக்குள் நுழைந்து, பி.எம்.சி.யோடு பேசும் ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவியில் 'லேன் பிரின்ட் 1' அடியுங்கள். ஹெச்.பி என்றால் 1-க்குப் பதில் 2. /டெவ்/ஐபிஎம்ஐ0 என்ற சாதனத்தைத் திறக்கமுடியவில்லை என்று அது முனகினால், ஐபிஎம்ஐ_எஸ்ஐ, ஐபிஎம்ஐ_டெவ்இன்டர்ஃப் என்ற இரண்டு கெர்னல் மாட்யூல்களையும் மாட்ப்ரோப் மூலம் ஏற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

ஐ.பி 0.0.0.0 என்று வந்தால் டி.ஹெச்.சி.பி.யிலிருந்து (ரவுட்டர் தானாக ஐ.பி கொடுக்கும் முறை) முகவரி கிடைக்கவில்லை. வேறு ஐ.பி வந்தால் ரவுட்டரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். டெல்லில் 192.168.0.120 வந்தால் யாரோ ஃபேக்டரி செட்டிங்குக்குத் தள்ளியிருக்கிறார்கள். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: ஸ்டாட்டிக் ஐ.பி, அதாவது மாறாத ஐ.பி போடுவது. பி.எம்.சி.க்கு டி.ஹெச்.சி.பி வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. வைத்தே ஆகவேண்டுமென்றால் ரவுட்டரில் பி.எம்.சி.யின் மேக் முகவரிக்கு (போர்ட்டின் நிரந்தர அடையாள எண்) எப்போதும் ஒரே ஐ.பி கிடைக்கும்படி ரிசர்வேஷன் போடுங்கள்.

*எங்கிருந்து பிங் செய்கிறீர்கள்?*

பி.எம்.சி தனிப் போர்ட் இல்லாமல் சர்வரின் முதல் லேன் போர்ட்டையே பகிர்ந்துகொண்டிருந்தால், அதே சர்வருக்குள்ளிருந்து அதன் பி.எம்.சி.க்கு பிங் போகாது. ஒரு போர்ட்டில் வந்த பாக்கெட்டை ஸ்விட்ச் அதே போர்ட்டில் திருப்பி அனுப்பாது. இது பழுதல்ல. பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அடித்துப் பாருங்கள்.

*கேபிள், போர்ட், விலான்*

இதற்கு அங்கே ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் செக்யூரிட்டிதான் கிடைப்பார். வார்த்தையில் விளக்காதீர்கள். சர்வரின் பின்பக்கப் போட்டோவை முன்கூட்டியே எடுத்து, போர்ட்டுக்கு அம்புக்குறி போட்டு வைத்திருந்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள். "சேட்டா, ஸ்பேனர் படம் போட்ட ஓட்டை இருக்கு பாருங்க, அதுல பச்சை லைட் மின்னுதா?" என்று கேட்டாலே போதும். டெல்லில் தனிப் போர்ட்டுக்கு ஸ்பேனர் அடையாளம், ஹெச்.பி.யில் ஐலோ என்றே எழுதியிருக்கும்.

லைட் இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள், பிறகு ஸ்விட்ச் போர்ட்டை மாற்றுங்கள். பழைய சர்வர்களின் பி.எம்.சி போர்ட் 100 எம்.பி.பி.எஸ் மட்டுமே பேசும். புதிதாக 10 ஜி ஸ்விட்ச் வாங்கி அதில் சொருகினால், அந்தப் போர்ட் 100-க்கு இறங்கத் தெரியாததாக இருந்தால் லிங்க்கே வராது. பி.எம்.சி.க்கென்று ஒரு பழைய 8 போர்ட் ஸ்விட்சைத் தனியே வைத்துவிடுவது என் பழக்கம்.

லைட் உண்டு, பிங் இல்லை என்றால் விலான், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க். 'லேன் பிரின்ட்' வெளியீட்டில் விலான் ஐடி என்ன என்று பாருங்கள். பி.எம்.சி.யில் டேக் (பாக்கெட்டில் ஒட்டும் விலான் எண்) போட்டிருந்தால் ஸ்விட்சிலும் அந்த விலான் டேகுடன் இருக்கவேண்டும். டேக் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வேலை செய்யாது.

*இடி விழுந்ததா?*

எங்கள் பக்கத்தில் இதைத் தனியாகவே சொல்லவேண்டும். ஏப்ரல், மே மாதக் கோடைமழையிலும், ஐப்பசி துலாவர்ஷத்திலும் (வடகிழக்குப் பருவமழை) மதியத்துக்கு மேல் இடி இறங்கும். எஸ்டேட்களில் ஃபேக்டரிக்கும் ஆபீஸுக்கும் நடுவே வெட்டவெளியில் காப்பர் லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். கேபிள் வழியாக ஏறுகிற சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) முதலில் ஸ்விட்ச் போர்ட்டைக் கொல்லும், சிலநேரம் அதோடு பி.எம்.சி.யின் தனிப் போர்ட்டையும் கொல்லும். சர்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் வெளியே தெரியவே தெரியாது.

அடையாளம்: நல்ல கேபிள், நல்ல ஸ்விட்ச், ஆனாலும் லைட் வரவே வராது. சர்வருக்குள்ளிருந்து 'எம்சி இன்ஃபோ' கேட்டால் மட்டும் ஒழுங்காகப் பதில் வரும். அதாவது பி.எம்.சி உயிரோடிருக்கிறது, அதன் போர்ட் மட்டும் போய்விட்டது. மதர்போர்டு மாற்ற ஓடவேண்டாம். டெல்லில் சர்வருக்குள்ளிருந்து ராக்அட்ம் என்ற டெல்லின் கட்டளைக் கருவியில் 'செட் ஐடிராக்.நிக்.செலக்‌ஷன் லாம்1' கொடுத்தால் ஐடிராக் முதல் லேன் போர்ட்டுக்குக் குடிமாறிவிடும். ஹெச்.பி.யில் ஷேர்டு நெட்வொர்க் போர்ட் என்ற அமைப்பு இதே வேலையைச் செய்யும். சூப்பர்மைக்ரோவில் ஃபெயிலோவர் முறை இருந்தால் தானாக மாறும், ஆனால் பி.எம்.சி கிளம்பும் நேரத்தில்தான் அது எந்தப் போர்ட்டில் லிங்க் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும். அதனால் ஒரு ரீசெட் கொடுக்கவேண்டும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஏறாது.

*பி.எம்.சி தொங்கிவிட்டதா?*

மேலே எல்லாம் சரியென்றால் ரீசெட். செலவு குறைந்ததிலிருந்து வரிசை இது:

1. சர்வருக்குள்ளிருந்து ஐபிஎம்ஐடூலில் 'எம்சி ரீசெட் கோல்டு'. டெல்லில் ராக்அட்ம் 'ராக்ரீசெட்' என்றாலும் அதுவே. திரும்ப வரச் சில நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி அடிக்காதீர்கள். மின்விசிறிகள் திடீரென்று அலறும், பயப்படவேண்டாம், பி.எம்.சி எழுந்ததும் அடங்கும்.

2. சர்வருக்குள் நுழையமுடியாவிட்டால் முன்பக்கப் பட்டன். டெல்லில் 'ஐ' எழுத்துள்ள பட்டனை 16 விநாடி விடாமல் அழுத்தவேண்டும். ஹெச்.பி.யில் சர்வரை அடையாளம் காட்டும் யு.ஐ.டி பட்டனை 10 விநாடிக்கு மேல். செக்யூரிட்டியிடம் சொல்லும்போது பவர் பட்டன் எது என்பதையும் காட்டி, அதைத் தொடவே கூடாது என்று சொல்லுங்கள். போனிலேயே ஒன்றிலிருந்து பதினாறு வரை நீங்களே எண்ணுங்கள்.

3. சர்வரை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, இரண்டு பவர் கார்டையும் பிடுங்கி, இரண்டு நிமிடம் காத்திருந்து சொருகுவது. சர்வர் அணைந்திருந்தாலும் பி.எம்.சி ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு கார்டு மட்டும் பிடுங்கினால் பயனில்லை. இதற்கு வேலை நிற்கும் நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கார்டு பிடுங்கிய பிறகும் பூட் திரையில் பி.எம்.சி பதில் சொல்லவில்லை என்று செய்தி வந்தால், அல்லது மின்விசிறி அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால். அதற்கு மேல் மதர்போர்டு, இல்லையென்றால் பி.எம்.சி.யின் மென்பொருள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பை வெளியிலிருந்து எழுதும் ஆள். வாரன்டி இருந்தால் கையை வைக்காதீர்கள்.

அறிகுறி: பிங் போகிறது, பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை

இப்போதுதான் ரீசெட் செய்தீர்களா? பிங் முதலில் வரும், வெப் பக்கம் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பழைய சர்வரா? பாதுகாப்பான இணைப்பின் பழைய பதிப்புகளான டி.எல்.எஸ் 1.0, 1.1 இரண்டையும் முக்கியப் பிரவுசர்கள் எல்லாம் 2020-ல் கைவிட்டுவிட்டன. அந்தக் கால பி.எம்.சி.க்கு அதற்கு மேல் பேசத் தெரியாது. முதலில் ஃபர்ம்வேர் (பி.எம்.சி.க்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய பிரவுசர் உள்ள ஒரு விர்ச்சுவல் மெஷினை (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், வேறெதற்கும் அதில் இணையம் பார்க்காதீர்கள்.

ஃபயர்பாக்ஸ் மட்டும் சான்றிதழின் வரிசை எண் மறுபடி பயன்பட்டிருக்கிறது என்று அடம்பிடித்தால், ஃபேக்டரிச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சேமித்த பழைய சான்றிதழை அழியுங்கள் அல்லது பிரைவேட் விண்டோவில் திறங்கள்.

ஐடிராக் 9-ல் ஃபர்ம்வேர் ஏற்றியபின் பெயரைப் போட்டால் 400 பிழை, ஐ.பி போட்டால் திறக்கிறது என்றால் அது ஹோஸ்ட் ஹெடர் சோதனை, அதாவது பிரவுசர் கேட்கும் பெயர் தன் பெயர்தானா என்று ஐடிராக் பார்ப்பது. எந்தப் பெயரில் திறக்கிறீர்களோ அதை ஐடிராக்கிடம் பதிந்துவிடுங்கள். சோதனையை அணைக்கவும் வழியுண்டு, எனக்கு அது பிடிக்காது.

இவை எதுவும் இல்லையென்றால் வெப் சேவை மட்டும் தொங்கியிருக்கிறது. எஸ்.எஸ்.ஹெச் (தூரத்திலிருந்து கட்டளை அடிக்கும் வழி) மூலம் பி.எம்.சி.க்குள் நுழைந்து, அங்கிருந்தே ரீசெட் கொடுங்கள். அந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும், யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அறிகுறி: லாகின் ஏற்க மறுக்கிறது

*அதிகபட்ச செஷன் என்று வந்தால்:* பாஸ்வேர்டில் தப்பில்லை. லாகவுட் செய்யாமல் டேபை மூடி மூடி, முடியாத பழைய லாகின்களால் இடம் நிறைந்துவிட்டது. டெல்லில் இதற்கு ராக்0218 என்ற எண் வரும். எஸ்.எஸ்.ஹெச்சில் நுழைந்து 'கெட்எஸ்எஸ்என்இன்ஃபோ' என்று பட்டியல் பார்த்து, 'க்ளோஸ்எஸ்எஸ்என்' என்று ஒவ்வொன்றாக மூடலாம். மானிட்டரிங் சாஃப்ட்வேர் ஏதாவது உள்ளே போய் வெளியே வராமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

*பாஸ்வேர்டே தெரியாது என்றால்:* பழைய டெல்லில் யூசர் பெயர் ரூட், பாஸ்வேர்டு கால்வின். பழைய சூப்பர்மைக்ரோவில் இரண்டுமே பெரிய எழுத்தில் அட்மின். புதியவற்றில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பாஸ்வேர்டு, இழுத்தால் வெளியே வரும் சின்ன அட்டையில் அச்சிட்டிருக்கும். சூப்பர்மைக்ரோ 2020 முதல் அப்படி மாறியது. ஹெச்.பி.யில் வெகுகாலமாகவே அந்த அட்டைதான். சர்வரைப் பொருத்தும் நாளிலேயே அந்த அட்டையை போட்டோ எடுத்துவையுங்கள்.

பல தடவை தப்பாக அடித்திருந்தால் உங்கள் ஐ.பி.யையே சற்று நேரம் பூட்டியிருக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு முயலுங்கள்.

*மாற்றுவது:* சர்வரின் ஓ.எஸ்.ஸில் ரூட் (முழு நிர்வாக) அனுமதி இருந்தால் பழைய பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஐபிஎம்ஐடூலில் 'யூசர் லிஸ்ட் 1' பார்த்து, டெல்லிலும் சூப்பர்மைக்ரோவிலும் பொதுவாக 2-ம் எண் உள்ள அந்த யூசருக்கு 'யூசர் செட் பாஸ்வேர்டு 2' கொடுங்கள். ஹெச்.பி.யில் ஹெச்பிஆன்சிஎஃப்ஜி கருவி. 'ராக்ரீசெட்சிஎஃப்ஜி' என்ற கட்டளையைக் கடைசிவரை தொடாதீர்கள், அது ஐ.பி உட்பட எல்லாவற்றையும் துடைத்துவிடும். தூரத்திலிருந்து அதை அடித்தால் நீங்களே வெளியே நின்று கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி.

*வெப்பில் நுழையமுடிகிறது, ஐபிஎம்ஐடூல் மட்டும் மறுக்கிறது:* இதில் மூன்று காரணங்கள். ஐ.பி.எம்.ஐ ஓவர் லேன் (எல்லா பி.எம்.சி.யும் பேசும் பொது நெறிமுறையான ஐ.பி.எம்.ஐ.யை நெட்வொர்க் வழியே ஏற்பது) அணைந்திருக்கலாம், புதிய ஐடிராக்குகளில் இயல்பாகவே அணைந்துதான் வரும். பாஸ்வேர்டு 20 எழுத்துக்கு மேல் இருக்கலாம், ஐ.பி.எம்.ஐ 2.0-க்கு அதுவே எல்லை. அதுவும் சரியென்றால் சைஃபர் எண், அதாவது எந்த மறையாக்க முறையில் பேசுவது என்பதன் எண். புதிய ஐபிஎம்ஐடூல் 17-ஐக் கேட்கும், பழைய பி.எம்.சி.க்கு 3 தான் தெரியும். பெரிய 'சி' என்ற தேர்வுடன் 3 என்று கொடுத்துப் பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: சர்வருக்குள்ளும் நுழைய வழியில்லை, பாஸ்வேர்டும் இல்லை என்றால். ஹெச்.பி.யில் மதர்போர்டிலுள்ள எஸ்1 ஸ்விட்சைத் தள்ளவேண்டும், மூடியைத் திறக்கவேண்டிய வேலை. பழக்கமில்லாதவரை போனில் வைத்துக்கொண்டு செய்யக்கூடாது.

அறிகுறி: கன்சோல் திறக்கிறது, திரை கருப்பு

கன்சோல் என்பது சர்வரின் திரையைத் தூரத்திலிருந்து காட்டும் ஜன்னல். சர்வர் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிரிக்காதீர்கள். அப்புறம் ஷிஃப்ட் தட்டுங்கள், திரை தூங்கியிருக்கலாம். ஹெச்.பி.யில் பூட் வரை படம் வந்து, ஓ.எஸ் ஏறும்போது நின்றுவிட்டால் அது பழுதல்ல, லைசென்ஸ். ஐலோ அட்வான்ஸ்டு லைசென்ஸ் வாங்கவேண்டும். புதிதாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டபின் கருப்பானால், படம் அந்தக் கார்டு வழியே போகிறது. பயாஸில் ஆன்போர்டு வீடியோவை முதன்மையாக்குங்கள்.

ஜே.என்.எல்.பி கோப்பு இறங்கித் திறக்காமல் கிடந்தால்: அதைத் திறக்கும் ஜாவா வெப் ஸ்டார்ட் 2018-ல் வந்த ஜாவா 11-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஹெச்.டி.எம்.எல்5 கன்சோல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தப் பழைய விர்ச்சுவல் மெஷினில் ஜாவா 8.

ஓர் எழுத்தை அடித்தால் ஐந்தாறாக விழுகிறதா? லைனில் தாமதம், கீபோர்டில் கோளாறில்லை. பாஸ்வேர்டு அடிக்கும்போது இது உயிரை வாங்கும். திரையிலேயே வரும் விர்ச்சுவல் கீபோர்டில் சொடுக்குங்கள், அல்லது 'சோல் ஆக்டிவேட்' மூலம் சீரியல் கன்சோலுக்குப் போங்கள். மலைமேல் லைன் மந்தமாக இருக்கும் இடங்களில் நான் முதலிலேயே சீரியல் கன்சோலைத்தான் அமைத்துவைப்பேன். படம் இல்லை, வெறும் எழுத்துத்தான், அதனால் மெல்லிய லைனிலும் ஓடும்.

அறிகுறி: ஐ.எஸ்.ஓ ஏற்றினால் ஊர்கிறது, நடுவில் அறுகிறது

ஐ.எஸ்.ஓ என்பது ஓ.எஸ் நிறுவும் டிஸ்க்கின் பிரதிக் கோப்பு, பி.எம்.சி வழியாக அதை டிஸ்க் மாதிரி சர்வரில் மாட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 ஜி.பி கோப்பு, உங்கள் வீட்டு அப்லோட் 10 எம்.பி.பி.எஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதுவும் தடையே இல்லாமல். எனவே கோப்பை உங்கள் லேப்டாப்பிலிருந்து தள்ளாதீர்கள். அந்த ஆபீஸில் இருக்கும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் முன்னிரவே இறக்கிவைத்து, என்.எஃப்.எஸ் (லினக்ஸில் நெட்வொர்க் வழியே கோப்பைப் பகிரும் முறை) அல்லது விண்டோஸ் ஷேர் மூலம் பி.எம்.சி.யை அதைப் படிக்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் இதற்கும் லைசென்ஸ் கேட்கும். அப்படியென்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ரிமோட் போய், அங்கிருந்து கன்சோலைத் திறந்தால் போயிற்று.

அறிகுறி: பவர் கட்டளையை மதிக்கவில்லை

ஐபிஎம்ஐடூலில் 'சேஸிஸ் பவர் சாஃப்ட்' என்பது ஓ.எஸ்.ஸிடம் கேட்டுக்கொள்வது மட்டுமே. ஓ.எஸ் தொங்கியிருந்தால் கேட்காது. சில நிமிடம் பொறுத்துவிட்டு, கன்சோலில் ஏதும் நகர்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம். நிச்சயமாகத் தொங்கிவிட்டது என்றால் 'ரீசெட்', அதற்கும் அசையாவிட்டால் 'ஆஃப்', பிறகு 'ஆன்'.

'ஆஃப்' அடிப்பதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம்: ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) பேட்டரி நிலை. பேட்டரி செத்து, ரைட் கேஷ் (டிஸ்க்கில் எழுதுவதற்கு முன் டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) இயங்கிக்கொண்டிருந்தால், பவரைப் பிடுங்கும்போது எழுதாத டேட்டா போய்விடும். புதிய ஐடிராக், ஐலோ பக்கங்களில் ஸ்டோரேஜ் பகுதியிலேயே இது தெரியும்.

ஆன் ஆகாமலே இருந்தால் 'செல் லிஸ்ட்' (பி.எம்.சி.யின் நிகழ்வுப் பதிவு) எடுத்து கடைசி வரிகளைப் படியுங்கள். பவர் சப்ளை, மெமரி ஸ்லாட் என்று பெயரோடு இருக்கும். அந்தப் பட்டியலை காப்பி எடுத்துக்கொண்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். எந்த உதிரிபாகத்தோடு வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தால், அவரும் மலையை ஒரு தடவைதான் ஏறுவார்.

அறிகுறி: ஃபர்ம்வேர் வேலை பாதியில் நிற்கிறது

காத்திருங்கள். பவரைத் தொடாதீர்கள். மணிக்கணக்கில் அதே சதவீதம் என்றால் டெல்லில் ஜாப் க்யூவை (காத்திருக்கும் வேலைகளின் வரிசை) காலிசெய்து ராக்ரீசெட், பிறகு மறுபடி முயற்சி. ரொம்பப் பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போகாமல் நடுப் பதிப்பு ஒன்றில் நின்று போங்கள். இடி மாதத்தில் மதியத்துக்கு மேல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

அறிகுறி: லாகில் தெரியாத ஐ.பி, புதிய யூசர்

தூரத்திலிருந்து பார்க்க வசதி என்று யாரோ ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடுவது) போட்டு பி.எம்.சி.யை இணையத்தில் திறந்துவிட்டிருப்பார்கள். முதல் வேலை அந்த ஃபார்வர்டை எடுப்பது. வெப் பக்கத்துக்கான 443 மட்டுமல்ல, ஐ.பி.எம்.ஐ.க்கான யு.டி.பி 623-ம் இருக்கிறதா பாருங்கள். 623 வழியாகக் கேட்டால், ஐ.பி.எம்.ஐ 2.0 விதிப்படியே, லாகின் முடிவதற்கு முன்பே பாஸ்வேர்டின் ஹாஷை (யூகித்து யூகித்து ஒப்பிட்டுப் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் வடிவம்) பி.எம்.சி கொடுத்துவிடும். 2013-லிருந்தே ஊரறிந்த விஷயம் இது. விதியிலேயே உள்ள ஓட்டை என்பதால் பேட்ச் வராது. ஐலோ 4-ல் 2.53-க்கு முந்தைய ஃபர்ம்வேரில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய வழி இருந்தது, 2017-ல் வெளியானது.

நுழைவுக்கு வி.பி.என் (மறையாக்கிய தனிப் பாதை) மட்டும். ஒயர்கார்டு என்ற வி.பி.என் ஒரு சின்ன ரவுட்டரிலேயே ஓடும். பி.எம்.சி.க்குத் தனி விலான்.

தெரியாத யூசர் உண்மையிலேயே உருவாகியிருந்தால், அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கமுடியாது. பி.எம்.சி கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஓ.எஸ்.ஸையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள், கன்சோல் கிடைத்தவனுக்கு டிஸ்க்கும் கிடைத்த மாதிரிதான். 2021 டிசம்பரில் வெளியான ஐலோபிளீட் என்ற தீங்குநிரல் ஐலோ ஃபர்ம்வேருக்குள்ளேயே தங்கிக்கொண்டு, புதுப்பிப்பு முடிந்ததாகப் பொய்யும் காட்டியது. அதனால் வெப் பக்கத்திலிருந்து ஃபர்ம்வேர் ஏற்றியதை மட்டும் நம்பமுடியாது. இந்தக் கட்டத்தில் நேராகத் தயாரிப்பாளரின் சப்போர்ட்டையும், பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரையும் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை லாகை அழிக்காதீர்கள், சர்வரை ஃபார்மேட்டும் செய்யாதீர்கள்.